சோற்றுச் சட்டிக்குக் காவல்

ஆவணி 3, செவ்வாய்

அன்றைக்கு வந்தவர்கள்: என் மாமியார் உலகம்மாள், அரக்குக் கண்டாங்கி உடுத்தி, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு. என் வீட்டுக்காரருடைய தம்பி சுடலைமுத்து, யாரிடமோ இரவல் வாங்கிய கூலிங்கிளாஸ் போட்டு. அவன் பெண்டாட்டி செண்பகம், கல்யாணப் புதுசு, தலை கொள்ளாத பிச்சிப்பூவோடு. என் மகன் அய்யாத்துரை, எட்டு மாதம், என் இடுப்பில். நான், ஆவுடையம்மாள். அப்புறம் என் வீட்டுக்காரர்.

அவர் பேரை எழுத மாட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்டுகள் புருஷன் பேரைச் சொல்வதில்லை, நான் அதில் ரொம்பக் கண்டிப்பு. சுடலைமுத்துவை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டுமோ அந்தச் சொல்லைக்கூட வாயில் எடுத்ததில்லை. அதற்குள் அவர் பேரில் பாதி இருக்கிறது. வெற்றிலைக்காரியிடம் 'இளசாகக் கொடு' என்றுதான் கேட்பேன், அதே காரணம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கைகாட்டுவேன். அவர் போய் வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். இருந்தபோது சொல்லாததை இல்லாதபோது எழுதுவேனா?

ஆடிப் பதினெட்டு. எல்லோரும் கலந்த சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குத்தான் போவார்கள். அந்த வருஷம் அவருக்கு என்னவோ தோன்றி, பச்சையோடை வழியே காட்டுக்குள் நடந்து நெட்டருவி வரைக்கும் போகலாம் என்றார். பாதி வழியில் ஒரு அகலமான பாறை. அங்கே வைத்து மாமியார் சொன்னாள்: "பிள்ளைக்காரி எதுக்கு வழுக்குப் பாறையில ஏறணும்? இவ இங்கனயே இருக்கட்டும். சோத்துச் சட்டிக்கும் ஒரு ஆளு காவல் வேணும்லா, குரங்கு கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார், துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார். அந்தத் துண்டின் கரை பச்சை.

குரங்குகள் வந்தன. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் கம்போடு நின்றேன். தாட்டியான கடுவன் குரங்கு ஒன்று இடது முழங்கையில் கீறியது, தழும்பு இன்னும் இருக்கிறது. புளியோதரையில் ஒரு பருக்கை போகவில்லை. வெயில் சாய்ந்த பிறகு நாலு பேரும் வந்தார்கள். அருவியில் குளித்தோம் என்றார்கள். செண்பகத்தின் தலையில் பிச்சிப்பூ கசங்காமல் இருந்தது. "காத்து காய வச்சிருச்சு யக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் நெற்றியில் திருநீறு காலையில் பூசிய மாதிரியே இருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? தலை காய்ந்து, பூ வைத்து, திருநீறு பூசி, ஆற அமர உட்கார்ந்து கதை பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். நான் குரங்கோடு மல்லுக்கட்டிய நேரத்தில்.

மலையடிவாரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, மகனுக்குத் தலை நரைக்கிற வரைக்கும் நான் நெட்டருவியைப் பார்த்ததில்லை.

இந்த டைரி மருமகள் சித்ரா கொடுத்தது. "அத்தை, நீங்க பழசை எல்லாம் வாயால சொல்லச் சொல்லத்தான் வீட்டுல சண்டை வருது. இதுல எழுதி வையுங்க, எல்லாருக்கும் நிம்மதி" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியது என் பெரிய மாமா. அவருக்குத் தனியாகப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

ஆவணி 8, ஞாயிறு

காலையில் உளுந்து ஆட்டினேன். உளுந்து பழசு, பொங்கவில்லை. அந்தக் கடைக்காரனையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது சொன்னேன்: "அடுத்த மாசம் நான் நெட்டருவிக்குப் போகணும்."

அய்யாத்துரை பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் பழுது பார்க்கிற கண்ணோடுதான் பார்ப்பான். என் காலைப் பார்த்தான். "எம்மா, மாடிப்படி ஏறுனாலே முழங்காலைப் புடிச்சிட்டு நிக்கீங்க. அருவிக்கா?"

"உங்க அப்பா திதிக்கு முன்னாடி பாத்தாகணும்."

"ஏன், அப்பா அங்கனயா இருக்காக?"

"நீ கைப்பிள்ளையா இருந்த நாள்லேருந்து அடுத்த ஆடி, அடுத்த ஆடின்னே சொன்ன மனுஷன். இனி அவரு கூட்டிட்டுப் போகப் போறதில்ல. நானே போயிக்கிடுதேன்."

சித்ரா நான் கேட்காமலே எனக்கு மோர் ஊற்றினாள். பேத்தி ரஞ்சனி போனை எடுத்து என்னவோ தட்டினாள். வனத்துறையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் விடுகிறார்களாம், முன்னாலேயே பதிய வேண்டுமாம். "புரட்டாசியில ஒரு ஞாயிறு கிடைச்சிருக்கு ஆச்சி. பதிஞ்சாச்சு. இனி அப்பா என்ன சொன்னாலும் நடக்காது" என்றாள்.

இந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சின்ன வயதில் என் கண்ணாடியை உடைத்ததைத் தவிர.

ஆவணி 14, சனி

செண்பகம் முருங்கைக்கீரையோடு வந்தாள். சுடலைமுத்து போன பிறகு பக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக நாங்கள் போட்ட சண்டைக்கு அது எப்போதோ இடிந்திருக்க வேண்டும்.

"நெட்டருவிக்குப் போறீங்களாமே யக்கா? சித்ரா சொன்னா."

"ஆமா."

"அங்கன என்ன இருக்கு? வெறும் தண்ணி. குத்தாலத்துல பாக்காத தண்ணியா?"

"நீ பாத்துட்ட, சொல்லுவ."

நான் கேட்காமலே முறத்தை எடுத்துக் கீரையை ஆய ஆரம்பித்தாள். செண்பகம் சொல்லாமல் வேலை செய்தாள் என்றால் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"யானை இறங்குதாம்லா."

"இறங்கட்டும்."

"அட்டை கடிக்குமாம்."

"நீ போனப்ப கடிச்சுதா?"

"எனக்கா?" முருங்கைக் காம்பையும் இலையையும் ஒன்றாகச் சட்டியில் போட்டாள். "ஞாபகம் இல்லக்கா."

ஞாபகம் இல்லையாம். சரி, அருவி எத்தனை, அதாவது நினைப்பிருக்கா என்று கேட்டேன். இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் விழும் என்றாள். அவள் மகள் சடங்கு வீட்டில் வைத்துக் கேட்டபோது ஒன்று என்று சொன்னவள். என் மாமியார் பால் மாதிரி விழும் என்பாள், எங்கிருந்து விழுகிறது என்று கேட்டால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவாள். சுடலைமுத்து மேலிருந்து தலைகீழாகக் குதித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. கண்ணால் பார்த்ததை ஒரே மாதிரி இரண்டு தடவை சொல்லத் தெரியாத ஆட்கள். இவர்களைத்தான் மேலே அனுப்பி வைத்தார்கள், என்னை உட்கார வைத்தார்கள்.

போகும்போது வாசலில் நின்று, "வேண்டாம்க்கா" என்றாள் இன்னொரு தடவை. பொறாமை. நானும் பார்த்துவிட்டால் அவளுக்கு என்ன பெருமை மிச்சம்?

என் இட்லிச் சட்டி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

ஆவணி 19, வியாழன்

சாயங்காலம் கரண்டு போயிற்று. கரண்டு போனால் அவர் அருவி சொல்வார்.

நான்தான் கேட்பேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது கேட்டேன். என் அம்மா செத்து ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்குக் கேட்டேன். ஒன்றும் இல்லாமல் சும்மாவும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட 'பிறகு சொல்கிறேன்' என்று சொன்னதில்லை. விசிறியை எடுத்து எனக்கு வீசிக்கொண்டே சொல்வார்:

"மேல இருந்து வரும்போது அது ஒரே தண்ணிதான் ஆவுடை. நடுவுல ஒரு பாறை. அந்தப் பாறையில ஒத்தை ஆலங்கன்னு ஒண்ணு முளைச்சு நிக்கி. தண்ணி அதைத் தொடாம ரெண்டாப் பிரிஞ்சு, கீழ வந்து மறுபடி சேந்துக்கிடும். அந்தக் கன்னோட இலை மட்டும் எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல நின்னா நாம பேசுறது நமக்கே கேக்காது."

ஒரு சொல் மாறாது. நான் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். "அரசங்கன்னுதானே சொன்னீங்க?" என்று வேண்டுமென்றே கேட்பேன். "ஆலங்கன்னு" என்பார். ரேஷன் கடையில் எடை போட்ட மனுஷன். ஒரு பிடி அரிசி கூடக் குறைய நிறுக்க மாட்டார், சொல்லும் அப்படித்தான்.

அவரிடம் எனக்கு இருந்த ஒரே குறை, கூட்டிக்கொண்டு போகாததுதான். ஒரு ஆடிக்குச் சிறுத்தை நடமாட்டம் என்றார். ஒரு ஆடிக்குக் காட்டுத்தீ. மழைக்காலத்தில் காட்டுத்தீயா என்று கேட்டேன், துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அப்புறம் என் முழங்கால் போயிற்று, அவருக்குக் காரணம் தேடுகிற வேலை மிச்சம்.

இன்றைக்குக் கரண்டு சீக்கிரமே வந்துவிட்டது.

ஆவணி 24, செவ்வாய்

ரஞ்சனி எனக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். போட்டுக்கொண்டு வாசல் பெருக்கினேன். எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். குறித்துக்கொண்டேன்.

ஆவணி 30, திங்கள்

நடந்து பழக முருகன் கோயில் படி ஏறுகிறேன். முதலில் பாதியில் உட்கார்ந்தேன். இன்றைக்கு உட்காராமல் போய்விட்டேன். சாமி முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டே நின்றதில் என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பது மறந்துவிட்டது. எனக்கு ஒன்று மறப்பது இதுதான் முதல் தடவை, அதனால் எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 4, சனி

செண்பகம் வந்து, தானும் வருகிறேன் என்றாள். அட்டையாம், யானையாம் என்று சொன்ன வாய்.

"உனக்குப் பிரஷர் இருக்குல்லா. நீ எதுக்கு?"

"நீங்க போனா நான் வராம இருப்பனா?"

"நான் உக்காந்தப்ப நீ போனேல்லா?"

முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "சரி வாட்டி. வந்து எங்கனயாவது மயங்கி விழுந்தா தூக்க மாட்டேன்" என்றேன். ரஞ்சனி இவள் பேரையும் பதிந்தாள். கையோடு கொண்டுவந்திருந்த என் இட்லிச் சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். எத்தனை வருஷம் கேட்டும் தராத சட்டி. இவளுக்கு என்ன வந்தது?

புரட்டாசி 11, சனி

புளியோதரை, தேங்காய்ச் சோறு, உருளைக்கிழங்கு வதக்கல். அன்றைக்கும் இதுதான். பிளாஸ்டிக் கூடாது என்பதால் வாழையிலை வாட்டித் தூக்குச் சட்டியில் அடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சித்ராவுக்கு நாளை வேலை, வரவில்லை. ஆனால் புளிக்காய்ச்சலை அவள்தான் கிண்டினாள். உப்பு சரியாக இருந்தது. இதையும் எழுத வேண்டியதுதான், நியாயம்.

புரட்டாசி 12, ஞாயிறு

செக்போஸ்டில் நோட்டில் பேர் எழுதினார்கள். வயதானவர்களுக்கு வீட்டுக்காரர் பேரும் வேண்டுமாம். ரஞ்சனியைக் கைகாட்டினேன். அவள் தாத்தா பேரை வகுப்பில் ஆஜர் எடுக்கிற மாதிரி மொட்டையாகச் சொன்னாள். எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. வழி காட்ட மாரித்துரை என்று ஒரு வனக்காவலர் வந்தார். கால் விரலுக்கு நடுவில் உப்பும் புகையிலையும் வைத்துக் கட்டிவிட்டார், அட்டைக்கு. பல் தெரிய அடிக்கடி சிரிக்கிற மனுஷன்.

ஓடை இடது கைப்பக்கமே கூட வந்தது. சில இடத்தில் சத்தமே இல்லாமல் கூழாங்கல் மேல் படுத்துக் கிடக்கிறது. சில இடத்தில் பாறைக்கு அடியில் போய்விட்டு, கொஞ்ச தூரம் தள்ளி ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வருகிறது. ஒரு மடுவில் காலை வைத்தேன், குட்டி மீன்கள் வந்து வெடிப்பைக் கடித்தன. மரத்துக்கு மேலே மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுக் கத்தியது. செண்பகம் என் பின்னாலேயே வந்தாள். மேடு வந்தால் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் பாறை வந்தது. எந்த மாற்றமும் இல்லை. நிழல் கொடுத்த மரம் மட்டும் விழுந்து கிடந்தது. குரங்குகள் இருந்தன. அந்தக் கடுவனின் பேரன் பேத்திகளாக இருக்கும். ஒன்றும் கிட்டே வரவில்லை.

"இங்கனதான்" என்றேன். அய்யாத்துரை பாறையைச் சுற்றி வந்து பார்த்தான். "நான் எங்கன கெடந்தேன்?" என்று கேட்டான். காட்டினேன். அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான், நாற்பத்தைந்து வயசு ஆம்பிளை. நான் நிற்கவில்லை. நடந்தேன். இனிமேல் பார்ப்பதெல்லாம் நான் பார்க்காதது.

கொஞ்ச தூரம்தான். பாதை ஓடைக்குள் இறங்கியது. அங்கே ஓடை அகலம், ஒரு இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள். ஓடைக்கு நடுவில் ஒரு கரும்பாறை. பாறைமேல் ஒரு ஆலமரம். பெரிய மரம், விழுதெல்லாம் விட்டு. மேலிருந்து ஒரே தண்ணியாக வந்து, மரத்தைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து, கீழே வந்து சேர்ந்துகொண்டது. காற்றே இல்லை. இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கால் நின்றுவிட்டது.

"தம்பி, இதான் அருவியா?"

"இது அருவி இல்ல ஆச்சி, வெறும் திருப்பம். அருவி இன்னும் மேல."

"அங்கயும் இப்படிப் பாறையில ஒரு மரம் உண்டா?"

"அங்க மரம் ஏது? வழுவழுன்னு ஒத்தைப் பாறைல்லா."

"இந்தப் பாலம்?"

"இது இப்ப போட்டது ஆச்சி, பத்து வருசம் ஆகல. அதுக்கு முந்தி ஆடி மாசத்துல இதைத் தாண்டி ஒரு ஆளு போனது கிடையாது. தண்ணி வாரிக்கிட்டுப் போயிரும்."

நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, செருப்பைச் சும்மாவே கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"ஏட்டி. எப்படித் தாண்டுனீங்க?"

"தாண்டலக்கா."

தண்ணீர் சத்தத்தில் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

"இவுகதான் முதல்ல காலை வச்சாக, கூலிங்கிளாஸைப் போட்டுக்கிட்டு. தண்ணி வாரி எடுத்துட்டு. பெரியத்தான் பாஞ்சு தலைமுடியைப் புடிச்சு இழுத்துப் போட்டாக. இல்லன்னா அன்னைக்கே நான் தாலி அறுத்திருப்பேன். அத்தை, 'இனி ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா நான் இதுலயே விழுந்து சாவேன்'னு ஒரே கூப்பாடு. இந்தப் பாறையிலதான் உக்காந்தோம். இவுக சட்டை காயுற வரைக்கும். பொறவு திரும்பிட்டோம்."

"அப்ப ஏண்டி பாத்தோம்னு சொன்னீங்க?"

"நாங்க எங்கக்கா சொன்னோம்? அன்னைக்கு நீங்க நின்ன நிலையை நீங்க பாக்கல. கையில ரத்தம். முந்தி கிழிஞ்சு தொங்குது. பிள்ளை அழுது ஓய்ஞ்சு கெடக்கு. சோத்துச் சட்டி மட்டும் வச்ச இடத்துல அசையாம இருக்கு. எங்களைப் பாத்ததும் பெரியத்தான்ட்ட முத வார்த்தை, 'அருவி எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டீங்க. அவுக என்ன சொல்லுவாக? 'போய்ச் சேரல, உன்னைய சும்மா உக்கார வச்சோம்'னா? 'நல்லா இருந்துச்சு'ன்னாக. சொல்லிட்டு எங்க மூஞ்சியைப் பாத்தாக. நாங்களும் தலையை ஆட்டிட்டோம்."

அய்யாத்துரையும் ரஞ்சனியும் தள்ளி நின்று ஓடையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வந்து அவுக எங்ககிட்டச் சொன்னாக, 'அவ எதையும் மறக்கிற ஆளு இல்ல. நீங்க யாரும் வாயைத் திறக்காதீங்க, நான் பாத்துக்கிடுதேன்'னு. நாங்கதான் கேக்காம ஆளுக்கொண்ணு உளறுனோம்."

"பொறவு ஒரு நாளாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? பாலம் போட்ட பொறவாவது?"

செண்பகம் மரத்தைக் காட்டினாள். "இதைப் பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கள்லா."

இல்லாததைச் சேர்த்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பார்த்தது இந்தப் பாறையும் இந்தக் கன்றும்தான். அதை அப்படியே தூக்கி உயரத்தில் வைத்திருக்கிறார். என் ஞாபகத்துக்குப் பயந்து ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஒரு பொய்யை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார்.

செண்பகம் தூக்குச் சட்டிகளைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க போயிட்டு வாங்கக்கா. இன்னைக்கு நான் உக்காருதேன். அதுக்குத்தான் வந்தேன்."

அந்த நேரம் அவளை ஒன்று அறைந்திருப்பேன். அறையவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். "எந்திரிட்டி. நீயும்தான் பாக்கல. உக்காந்தது போதும் எல்லாரும்."

"அப்ப சோத்துச் சட்டி?"

நான் அய்யாத்துரையைப் பார்த்தேன். "நீ இரு. அன்னைக்கும் நீதான் என்கூடக் காவல் இருந்த. உனக்குப் பழக்கமான வேலை."

"எம்மா, நானும் பாத்தது இல்லம்மா!"

"நாங்க வந்து சொல்லுதோம்" என்றாள் செண்பகம். மூன்று பேரும் சிரித்தோம். மாரித்துரை எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கூடச் சிரித்தார். அய்யாத்துரை ஒரு கம்பை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பேர்சொல்லும் பிள்ளை.

பாலத்துக்கு அப்புறம் ஏற்றம்தான். முழங்கால் என்னைக் கேட்காமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ரஞ்சனி ஒரு பக்கம், செண்பகம் ஒரு பக்கம். கடைசி வளைவு வரும்போதே முகத்தில் சாரல் அடித்தது.

நெட்டருவி ஒன்றுதான், இரண்டு இல்லை. பால் மாதிரி இல்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. பாதியில் உடையவில்லை, பிரியவில்லை. மேலே ஒரு வாய் திறந்து, விட்ட இடத்திலிருந்து விழுகிற இடம் வரைக்கும் ஒரே மூச்சு. மரம் இல்லை. தெரிந்தும் தேடினேன். அவர் அருவி இன்னும் கொஞ்சம் அழகு. இது பெரிது.

ஒன்று மட்டும் அவர் சொன்ன மாதிரி. பக்கத்தில் நின்றால் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

செண்பகம் சேலையோடு அருவிக்குள் போய் நின்றுவிட்டாள். பிரஷர்காரி. தலையெல்லாம் ஒட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க வெளியே வந்து என் காதில் கத்தினாள்: "இப்ப நனைஞ்சிருச்சுக்கா தலை!"

"காத்து எவ்வளவு நேரத்துல காய வைக்குன்னு பாக்குதேன்ட்டி!" என்று நானும் கத்தினேன்.

பிறகு நான் மட்டும் கொஞ்சம் முன்னால் போனேன். தண்ணீரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. ஒருவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. ரஞ்சனி என் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "என்ன ஆச்சி சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி கண்ணுல அடிக்கி."

இறங்கி வந்து ஆலமரத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேங்காய்ச் சோற்றில் ஒரு பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. அய்யாத்துரைக்கு என் சாமர்த்தியம் வரவில்லை.

புரட்டாசி 13, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. செண்பகத்துக்கு ஜலதோஷம். சுவருக்கு அந்தப் பக்கம் தும்முகிறாள், இந்தப் பக்கம் நான் முனகுகிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

திதி நல்லபடியாக முடிந்தது. செண்பகம் விடியும் முன்னே வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டாள். வாழைக்காய்ப் பொரியலில் மிளகு தூக்கல், சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு அவர் படத்துக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தேன். அருவி எப்படி இருந்தது என்று அவருக்குச் சொன்னேன். அரிசி களைந்த தண்ணீர், ஒரே மூச்சு, மரம் இல்லை. அவர் கேட்டிருந்தால் இன்னொரு தடவை கேட்டிருப்பார், அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன். ஒரு சொல் மாறவில்லை.

அந்த ஆடிக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். மாமியார் உலகம்மாளை விட்டுவிட்டேன். கண் எதிரில் ஒரு பிள்ளை தண்ணீரோடு போகப் பார்த்ததைக் கண்டவள், பாவம். சுடலைமுத்துவையும் விட்டாயிற்று, செத்தும் போய்விட்டான், நீச்சலும் தெரியாது. செண்பகத்தை ஆலமரத்துக்கு எதிரிலேயே மன்னித்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் இட்லிச் சட்டியைத் திரும்பக் கேட்பாள். அந்தக் குரங்கைக்கூட மன்னித்துவிட்டேன்.

ஒரு ஆளை மட்டும் முடியவில்லை.

பாலம் போட்ட வருஷம் அவருக்கு மலையேறத் தெம்பு இருந்தது. எனக்கும் முழங்கால் பாதியாவது இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவர் சோற்றில் உப்புப் போடாமல் விட்டிருப்பேன். ஐந்தாம் நாள் இரண்டு பேரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்போம். நானும் பார்க்காதது, அவரும் பார்க்காதது. முதல் தடவையாகச் சேர்ந்து பார்த்திருப்போம். என் கோபத்துக்குப் பயந்து, எனக்குக் காலமெல்லாம் சொன்ன அருவியைத் தான் பார்க்காமலே போய்விட்டார்.

அங்கே நான் கத்தியது அந்த ஆளின் பேரைத்தான். தண்ணீர் முழுங்கிவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், இனி எவள் என்ன சொன்னாலும் சரி. எத்தனை திதி வந்தாலும் நான் மன்னிக்க மாட்டாத ஒரே ஆள்:

திருமலைக்கொழுந்து.